சின்ன வயசு கவுண்டி ஃபேரை தேடிப் பிடிச்சு எழுதி வைக்கிறது எப்படி

சேவல் கூவுற போட்டின்னு ஒண்ணு எங்க கவுண்டி ஃபேர்ல இருந்துச்சு. கூண்டு மேல போட்டிருக்கற துணியை எல்லாருமா ஒரே நேரத்துல உருவுவாங்க, ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாடியும் ஒருத்தர் நோட்டும் பென்சிலுமா உக்காந்து எத்தனை தடவை கூவுதுன்னு கோடு போட்டு எண்ணுவாங்க, சுத்தி நிக்கிற கூட்டம் மூச்சுக்கூட சத்தமா விடாது. ஜெயிச்ச சேவல் நாப்பது தடவைக்கு மேல கூவிச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம். ரெண்டு வருஷம் முன்னாடி தம்பிகிட்ட இதைச் சொன்னா அவன் "இல்லக்கா, ஒரு சேவல் கூட வாயைத் தொறக்கல, எல்லாரும் சிரிச்சுட்டு லெமன் ஷேக்-அப் குடிக்கக் கிளம்பிட்டோம்"ங்கறான். ஒரே வீடு, ஒரே ஃபேர், ரெண்டு பேருக்கும் ரெண்டு கதை. அன்னிக்குத்தான் இதை ஒழுங்கா உக்காந்து தேடி எழுதி வச்சிடணும்னு முடிவு பண்ணினேன், அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க சொல்றேன்.

நாங்க வளர்ந்தது ஒஹையோ மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல. அப்பாவுக்கு அங்க ஒரு ஃபேக்டரியில வேலை, ஊர்லயே தமிழ் பேசுற வீடு எங்களது ஒண்ணுதான். கவுண்டி ஃபேர் தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, மாட்டுச்சந்தையும் பொருட்காட்சியும் ஊர்த்திருவிழாவும் ஒரே மைதானத்துல ஒரு வாரம் நடந்தா எப்படி இருக்குமோ அதுதான், சாமி மட்டும் இருக்காது. ஒஹையோவுல மொத்தம் 88 கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஏறக்குறைய எல்லாத்துக்கும் சொந்தமா ஒரு ஃபேர் உண்டு, ஜூன்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஊரா நடந்து அக்டோபர்ல லங்காஸ்டர்ல ஃபேர்ஃபீல்ட் கவுண்டி ஃபேரோட அந்த வருஷக் கணக்கு முடியும். எங்களது ஆகஸ்ட்ல வரும். ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி வர்ற கடைசி சந்தோஷம் அதுதான்.

முதல்ல மேப் போடுங்க

பேனாவை எடுத்ததும் "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ"ன்னு ஆரம்பிக்காதீங்க, நாலு வரியிலயே சரக்கு தீர்ந்துடும். ஒரு பெரிய பேப்பர் எடுத்து ஃபேர் மைதானத்தை ஞாபகத்துலருந்து வரைங்க. கேட் எங்க, கார் நிறுத்துற புல்தரை எங்க, உக்காந்து வேடிக்கை பாக்கற கிராண்ட்ஸ்டாண்ட் எங்க, மாட்டுக்கொட்டகை பன்னிக்கொட்டகை முயல்கொட்டகை எங்கெங்க, ராட்டினம் எந்தப் பக்கம், கழிப்பறை எங்க, மழை வந்தா எங்க ஓடுவீங்க, அம்மா "தொலைஞ்சு போனா இங்க வந்து நில்லு"ன்னு சொன்ன இடம் எது, எல்லாம். கோணலா இருந்தாலும் பரவாயில்லை. வரைய வரைய வாசனை வரும் பாருங்க, எனக்கு மரச்சீவலும் முயல் மூத்திரமும் கலந்த அந்த நெடி முதல்ல வந்துச்சு, அதுக்கப்புறம் அந்தக் கொட்டகையில சுத்திக்கிட்டிருந்த பெரிய ஃபேனோட சத்தம், அதுக்கப்புறம்தான் மனுஷங்க முகமே வந்துச்சு.

வரைஞ்சு முடிச்சப்புறம் கூகுள் எர்த்ல அந்த இடத்தைத் தேடிப் பாருங்க. அதுல பழைய வருஷத்துப் படங்களுக்கு ஒரு டைம்லைன் இருக்கு, நீளம் அளக்க ரூலரும் இருக்கு. இன்னும் பழசு வேணும்னா யூஎஸ்ஜிஎஸ்ங்கற அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையோட எர்த் எக்ஸ்புளோரர் தளத்துல பல ஊருக்குப் பல பத்து வருஷத்துக்கு முந்தின வான்வழி போட்டோ இலவசமாவே கிடைக்கும். என் மேப்ல ஆட்டுக்கொட்டகை ரயில்வே ஸ்டேஷன் அளவுக்கு நீளமா இருந்துச்சு, அளந்து பாத்தா நூறு அடி தாண்டலை. அந்த வித்தியாசத்தை அழிச்சுடாதீங்க. எட்டு வயசு உயரத்துலருந்து பாத்தா அது அவ்வளவு பெருசாத்தான் இருந்திருக்கு, அதனால உங்க மேப்பையும் வைங்க, உண்மை அளவையும் பக்கத்துலயே எழுதி வைங்க.

கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும் தனியா வரையச் சொல்லுங்க, முக்கியமா பேசுறதுக்கு முன்னாடி. ரெண்டு பேரும் முதல்லயே பேசிட்டா ஒருத்தர் ஞாபகம் இன்னொருத்தர் தலைக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ஆட்டுக்குட்டி சட்டையைக் கடிச்சுத் தின்னது என் சட்டையையான்னு எனக்கும் தம்பிக்கும் இன்னிக்கு வரைக்கும் தீரலை, ஏன்னா நாங்க முதல்லயே பேசித் தொலைச்சுட்டோம்.

ப்ரீமியம் புக்கைத் தேடிப் பிடிங்க

இந்த மொத்த வேலையில எனக்கு அதிகமா உதவினது இது ஒண்ணுதான். ப்ரீமியம் புக்னா ஃபேர்ல என்னென்ன போட்டி இருக்கு, யார் கலந்துக்கலாம், என்ன விதி, ஜெயிச்சா எவ்வளவு பணம்னு எல்லாத்தையும் போட்டு வருஷாவருஷம் அச்சடிக்கிற புத்தகம். ப்ரீமியம்ங்கறது அந்தப் பரிசுப் பணத்துக்குப் பேர். பழைய பிரதிகள் ஃபேர் ஆபீஸ்லயோ கவுண்டி லைப்ரரியிலயோ ஊர் வரலாற்றுச் சங்கத்துலயோ கிடைக்கும், எதுலயும் இல்லைன்னா பழைய சாமான் விக்கிற கடையில கூட மாட்டும்.

ஒரு புத்தகம் கிடைச்சா பத்தாது, பத்து வருஷ இடைவெளியில மூணாவது எடுங்க. பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா ஊரே மாறினது தெரியும். பழசுல பத்து கதிர் மக்காச்சோளம், ஒரு டஜன் பிரவுன் முட்டை, வைக்கோல்ல எத்தனை வகை, கிளேடியோலஸ் பூவுல எத்தனை நிறம், டீ கப்புக்குள்ள வச்ச பூ அலங்காரம், கையால தைச்ச குயில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை)னு பக்கம் பக்கமாப் போகும். புதுசுல குயில்ட்லயே மெஷின்ல தைச்சதுக்குத் தனி வகுப்பு (போட்டிப் பிரிவைத்தான் அப்படிச் சொல்வாங்க), டிஜிட்டல் போட்டோ, லெகோ, தக்காளிச் சட்னி மாதிரியான சால்சான்னு வந்திருக்கும். எந்த வகுப்பு எந்த வருஷம் காணாமப் போச்சுன்னு ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டே வாங்க. ஒரு வகுப்பை எடுத்துட்டாங்கன்னா அதைச் செய்யத் தெரிஞ்சவங்க ஊர்ல குறைஞ்சுட்டாங்கன்னுதான் பெரும்பாலும் அர்த்தம்.

அம்மா கதை இதுக்குள்ளதான் இருந்துச்சு. எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அம்மா எலுமிச்சங்கா ஊறுகாயை ஒரு மேசன் ஜார்ல (திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடி) போட்டு ஊறுகாய் போட்டிக்குக் கொண்டுபோனாங்க, நல்லெண்ணெய் மேல மிதக்க, வெயில்ல வச்சு எடுத்தது. ஜட்ஜ் தொறந்து கூட பாக்கலை. ஒரு சீட்டுல ஏதோ எழுதி ஜார் கழுத்துல கட்டித் திருப்பிக் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியில அம்மா ஒண்ணும் பேசலை, நானும் ரொம்ப வருஷம் அது நாம வேற ஊர்க்காரங்கங்கறதாலன்னுதான் நெனச்சுட்டிருந்தேன், அந்தக் கோபத்தை உள்ளயே வச்சிருந்தேன். அந்த வருஷத்து ப்ரீமியம் புக் கையில கிடைச்சப்போ விதியைப் படிச்சேன்: டப்பாவுல அடைச்ச எந்தப் பண்டமும் யூஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க விவசாயத் துறை, சோதிச்ச செய்முறைப்படிதான் இருக்கணும், கொதிக்கிற தண்ணியில ஜாரை மூழ்க வச்சு எடுத்திருக்கணும், ஊறுகாய்க்கு மூடிக்குக் கீழ அரை இஞ்ச் இடைவெளி விட்டிருக்கணும், ஜாமுக்குக் கால் இஞ்ச். எண்ணெய் ஊறுகாய் அந்தப் பட்டியல்லயே கிடையாது. சரியா அடைக்காத ஜார்ல விஷம் உண்டாகி பாட்டுலிசம்ங்கற நோய் வந்துடும்ங்கற பயத்துல வந்த விதி அது. அம்மாகிட்ட போன்ல படிச்சுக் காமிச்சேன். "அதான் அப்பவே தெரியுமே பாப்பா, அந்தச் சீட்டுலயே எழுதியிருந்துச்சே, அதைப் பாத்துத்தானே அடுத்த வருஷம் வெள்ளரிக்கா ஊறுகாய் போட்டு சிவப்பு ரிப்பன் வாங்கினேன்"னாங்க. எனக்கு அந்தச் சிவப்பு ரிப்பனே ஞாபகம் இல்லை! அவமானம் மட்டும் முப்பது வருஷம் பத்திரமா இருந்திருக்கு, ஜெயிச்சது போயிடுச்சு. அதனாலதான் சொல்றேன், மனசுல இருக்கறதை மட்டும் நம்பி எழுதாதீங்க, காகிதத்தையும் தேடுங்க.

ரிப்பன் இருந்தா அதையும் படிக்கக் கத்துக்கங்க. அமெரிக்காவுல நீலம் முதல் பரிசு, சிவப்பு ரெண்டாவது, வெள்ளை மூணாவது, ஊதா கலர்னா பெரும்பாலும் சாம்பியன். ஆனா பல ஃபேர்ல பசங்களுக்கான பிரிவுல டேனிஷ் முறைன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, அதுல ஒருத்தரை ஒருத்தரோட ஒப்பிட மாட்டாங்க, ஒரு தரம் வச்சிருப்பாங்க, அதை எட்டினா எத்தனை பேருக்கு வேணும்னாலும் நீலம் கிடைக்கும். அதனால பெட்டியில நீலமா நாலு ரிப்பன் கிடந்தா அது நாலு முதல் பரிசான்னு பின்னாடி ஒட்டியிருக்கற அட்டையைப் பாத்துட்டு எழுதுங்க. அட்டையில வகுப்பு எண் இருக்கும், அதை ப்ரீமியம் புக்ல தேடினா என்ன போட்டின்னு வந்துடும்.

பேப்பர், மைக்ரோஃபிலிம்

லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட க்ரானிக்ளிங் அமெரிக்கா தளத்துல பழைய செய்தித்தாள்களை இலவசமா தேடிப் படிக்கலாம், ஆனா அதுல இருக்கறது 1963 வரைக்கும்தான், தாத்தா பாட்டி காலத்து ஃபேருக்கு ரொம்ப நல்லது, நம்ம காலத்துக்கு உதவாது. எண்பது தொண்ணூறுகளுக்கு அந்த ஊர் லைப்ரரிக்கே போய் மைக்ரோஃபிலிம், அதாவது பழைய பேப்பரைப் பொடிசா படம் எடுத்து வச்ச சுருள், பாக்கணும். ஃபேர் நடந்த வாரமும் அதுக்கு அடுத்த வாரமும் பாத்தா போதும், ரிசல்ட் எல்லாம் பொடி எழுத்துல வரிசையா போட்டிருப்பாங்க, கண்ணு வலிக்கும். நான் ரெண்டு சனிக்கிழமை உக்காந்தேன். சேவல் விஷயம் அங்கதான் தீர்ந்துச்சு: 1989-ல ஒரு சேவல் 43 தடவை கூவி ஜெயிச்சிருக்கு, 1991-ல எந்தச் சேவலும் கூவாம போட்டியை நிறுத்தியிருக்காங்க. எனக்கு ஒரு வருஷம், தம்பிக்கு இன்னொரு வருஷம் மனசுல தங்கியிருக்கு, ரெண்டு பேர் சொன்னதும் நெஜம்.

இந்த மாதிரி விசித்திரமான போட்டிகளை ஒண்ணு விடாம எழுதுங்க, அதுலதான் ஒரு ஃபேருக்கும் இன்னொரு ஃபேருக்கும் வித்தியாசமே. கலிஃபோர்னியாவுல ஏஞ்சல்ஸ் கேம்ப்ல நடக்கிற கலவெராஸ் கவுண்டி ஃபேர்ல 1928-லருந்து தவளை தாண்டுற போட்டி உண்டு, மூணு தாவலைச் சேர்த்து அளப்பாங்க, 1986-ல ஒரு தவளை தாண்டின 21 அடி 5¾ இஞ்ச்தான் ரெக்கார்டு. போட்டியில செத்துப்போன தவளையைத் தின்னக் கூடாதுன்னு கலிஃபோர்னியா சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. எங்க ஃபேர்ல அந்த அளவுக்குப் புகழ் கிடையாது, ஆனா பெடல் டிராக்டர்ல பசங்க பாரம் இழுக்கறது, புருஷனை வீட்டுக்குக் கூப்பிடற மாதிரி பெண்டாட்டிங்க கத்துற போட்டி, ஆட்டுக்கு டிரெஸ் போட்டு ஊர்வலம் விடறது எல்லாம் இருந்துச்சு. விதியையும் சேர்த்து எழுதுங்க, எவ்வளவு நேரம், யார் ஜட்ஜ், தோத்தவங்களுக்கு என்ன குடுத்தாங்கன்னு.

பெரியவங்ககிட்ட கேக்கறது

"அந்தக் காலத்துல ஃபேர் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னு பதில் வரும், அதோட முடிஞ்சுது. வேலையைப் பத்திக் கேளுங்க. காலையில முதல்ல கேட்டைத் தொறந்தது யாரு, மாட்டுக்குத் தண்ணி எங்கருந்து தூக்கிட்டு வந்தீங்க, ராத்திரி கொட்டகையில எங்க படுத்தீங்க, மழை பெஞ்சா டிராக்கை என்ன பண்ணுவீங்க, பைங்கற தின்பண்டம் விக்கிற கடையில எத்தனை மணிக்கு மாவு பிசைய ஆரம்பிச்சீங்க. எங்களை முதல் தடவை ஃபேருக்குக் கூட்டிட்டுப் போனது பக்கத்துப் பண்ணை வீட்டம்மா, இப்போ தொண்ணூறு வயசு. அவங்ககிட்ட இப்படிக் கேட்டதுக்கு ரெண்டு மணி நேரம் நிறுத்தாம பேசினாங்க, மாட்டைக் குளிப்பாட்டுன சோப்போட பேர் வரைக்கும் சொன்னாங்க.

போன்லயே ரெக்கார்டு பண்ணுங்க, முதல்ல அனுமதி கேட்டுட்டு. ஸ்டோரிகார்ப்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுல பதிவு பண்ணினா அவங்க சம்மதிச்சா லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருக்கற நாட்டார் வழக்காற்று மையத்துல போய் சேரும். பழைய போட்டோவைக் காட்டி பேச விடுங்க, போட்டோவுல இருக்கறவங்க பேரை அப்பவே பின்பக்கம் பென்சில்ல மெல்லமா எழுதிடுங்க, பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிடும். ஸ்கேன் பண்றதா இருந்தா 600 டிபிஐ வைங்க.

நீங்க 4-எச்ங்கற பசங்க கிளப்ல இருந்திருந்தா, அதை நடத்துற கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்லயும் கேளுங்க. ஃபேரையும் 4-எச்சையும் பிரிக்கவே முடியாது. 1902 ஜனவரியில ஒஹையோவுல கிளார்க் கவுண்டியில ஏ.பி. கிரஹாம்ங்கற பள்ளி சூப்பரின்டெண்டென்ட் கோர்ட் கட்டடத்தோட பேஸ்மென்ட்ல பசங்களைக் கூட்டி ஆரம்பிச்ச கிளப்தான் பின்னாடி 4-எச் ஆச்சு. தலை, இதயம், கை, ஆரோக்கியம், இங்கிலீஷ்ல இந்த நாலு வார்த்தையோட முதல் எழுத்தும் எச்ங்கறதாலதான் அந்தப் பேர். ஒவ்வொரு பிள்ளையும் வருஷம் பூரா ஒரு ப்ராஜெக்ட் புக் எழுதணும், தீனிக்கு எவ்வளவு செலவு, எடை எவ்வளவு ஏறிச்சுன்னு. பரண்ல கிடந்தா எடுங்க, உங்க பத்து வயசுக் கையெழுத்துல நீங்களே எழுதின சாட்சி அது.

என்னோடது முயல் ப்ராஜெக்ட், டச் வகை, கறுப்பு வெள்ளை. எங்க வீடு சுத்த சைவம். ஃபேர்ல முயலைப் பதிவு பண்ணும்போது மார்க்கெட்டா ப்ரீடிங்கான்னு ஒரு கட்டம் இருக்கும், எனக்கு வித்தியாசம் தெரியாது, மார்க்கெட்னா நல்லா இருக்கேன்னு டிக் போடப் போயிட்டேன், எங்க 4-எச் கிளப்பை நடத்தின லேடி என் கையைப் பிடிச்சு நிறுத்தி மார்க்கெட்னா ஏலம் போய் அப்படியே கறிக்குப் போயிடும் தெரியுமான்னு மெதுவா கேட்டாங்க. முயலோட இடது காதுல பச்சை குத்தின எண் 14. ஜட்ஜ் முன்னாடி அதை மல்லாக்கப் புரட்டி பல்லையும் நகத்தையும் காட்டணும், என் கை நடுங்கிச்சு. பக்கத்து மேஜையில மார்க்கெட்ல பதிஞ்ச பையன் ஏலத்தன்னிக்கு அழுதுட்டே வெறும் கூண்டைத் தூக்கிட்டுப் போனான். என் ப்ராஜெக்ட் புக்ல அதைப் பத்தி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கேன், "ஜேக்கெட்டை அவன் மறந்து வச்சிட்டுப் போயிட்டான்". அந்த ஒரு வரி இல்லைன்னா அந்தப் பையனையே நான் மறந்திருப்பேன்.

எது மாறிச்சுன்னு பிரிக்கறது

"இப்போல்லாம் ஃபேர் முன்ன மாதிரி இல்லை"ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போகாதீங்க. மூணா பிரிங்க: ஊர் மாறினதால மாறினது, நோயும் சட்டமும் வந்து மாத்தினது, நாம வளர்ந்ததால மாறின மாதிரி தெரியறது. இதுக்குக் கொஞ்சம் உழைக்கணும், ஆனா எழுதறதுல உயிரே இங்கதான் இருக்கு.

முதல் வகைக்கு உதாரணம் மாட்டுக்கொட்டகை. என் சின்ன வயசுல கறவை மாடு மட்டும் ரெண்டு கொட்டகை நிறைய நிக்கும், இப்போ ஒண்ணுல பாதி. பசங்களுக்கு ஆர்வம் போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க, நான் அதை நம்பலை, பண்ணையே இல்லாதப்போ பிள்ளை எங்கருந்து மாட்டைக் கொண்டு வரும்? அமெரிக்கா முழுக்க பால் விக்க லைசென்ஸ் இருந்த பண்ணைங்க 2003-ல சுமார் 70,000, 2023-ல 26,000 சொச்சம்தான். உங்க கவுண்டி கணக்கு வேணும்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கற விவசாய சென்சஸ்ல கவுண்டி வாரியா இருக்கு, கடைசியா வந்தது 2022-க்கானது. 1987-ஐயும் அதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. டெமாலிஷன் டெர்பியும் அப்படித்தான், காரை காரால இடிச்சு கடைசி வரைக்கும் ஓடுறது ஜெயிக்கிற விளையாட்டு அது. எங்க காலத்துல கப்பல் மாதிரி பழைய பெரிய கார்தான் வரும், அதுலயும் 1964-லருந்து 66 வரைக்கும் வந்த இம்பீரியல் காரை ரொம்ப உறுதியா இருக்குன்னு பல இடத்துல தடையே பண்ணியிருந்தாங்க. அந்த மாதிரி கார் எல்லாம் தீர்ந்துபோய் இப்போ சின்னக் காருக்கும் மினிவேனுக்கும் தனி வகுப்பு வச்சிருக்காங்க.

ரெண்டாவது வகையை வருஷம் போட்டு எழுதுங்க. 2012-ல பன்னியிலருந்து மனுஷங்களுக்குத் தொத்தின எச்3என்2வி காய்ச்சல் நாடு பூரா 309 பேருக்கு வந்துச்சு, பெரும்பாலும் ஃபேர்ல பன்னிகிட்ட போனவங்க, அதுல இண்டியானாவும் ஒஹையோவும்தான் அதிகம். அதுக்கப்புறம்தான் கொட்டகைக்கு வெளிய கை கழுவுற தொட்டி, உள்ள தின்பண்டம் கூடாதுங்கற போர்டு, பன்னியை வாரம் பூரா வைக்காம 72 மணி நேரத்துல அனுப்பிடறது எல்லாம் பல இடத்துல வந்துச்சு. நாங்க எல்லாம் பன்னிக்கொட்டகையில உக்காந்துதான் எலிஃபண்ட் இயர் சாப்பிடுவோம், எண்ணெயில பொரிச்சு சக்கரையும் பட்டைப்பொடியும் தூவின பெரிய அப்பம் மாதிரி ஒண்ணு. 2015-ல பறவைக் காய்ச்சலால ஒஹையோவுல அந்த வருஷம் எந்த ஃபேர்லயும் உயிருள்ள கோழி வாத்து காட்டக் கூடாதுன்னுட்டாங்க, பசங்க வருஷம் பூரா வளர்த்ததை வீட்டுல விட்டுட்டு போஸ்டரைத் தூக்கிட்டு வந்து ஜட்ஜ்கிட்ட பேசினாங்க. 2020 ஜூலை 31-லருந்து கொரோனாவுக்காக பசங்களோட ஜூனியர் ஃபேர் மட்டும்தான் நடத்தலாம்னு மாநிலம் சொல்லிடுச்சு, ராட்டினம் இல்லை, கிராண்ட்ஸ்டாண்ட் இல்லை.

மூணாவது வகைதான் கஷ்டம். ராட்டினம் சின்னதாயிடுச்சுன்னு நான் அடிச்சுச் சொன்னேன், ராட்டினமும் கடையும் இருக்கற மிட்வேங்கற பாதையும் குறுகிப்போச்சுன்னு. ஆனா டில்ட்-எ-வேர்ல்ங்கற சாஞ்சு சுத்துற ராட்டினம் 1926-ல மினசோட்டாவுல கண்டுபிடிச்சது, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவும் ஏழு பெட்டிதான், இன்னிக்கும் ஏழுதான். டிக்கெட்டுக்குப் பதிலா கையில கட்டுற பேண்ட் வந்தது நெஜமான மாற்றம், மிட்வே குறுகினது என் கால் நீளமானதால. ஒவ்வொரு குறையையும் எழுதினப்புறம் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு, ஒரு பழைய போட்டோவையோ அளவையோ வச்சு சரி பாருங்க. சரி பாக்க முடியலையா, "எனக்கு அப்படித் தோணுது"ன்னு எழுதுங்க, அது போதும்.

திரும்பப் போறது

இவ்வளவும் ஆனப்புறம்தான் நேர்ல போங்க. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்தோட போகாதீங்க, ஒண்ணும் பாக்க முடியாது. பொருள் ஒப்படைக்கிற என்ட்ரி டே அன்னிக்குப் போங்க, யார் யார் ஜாரும் பூவும் குயில்ட்டுமா வரிசையில நிக்கிறாங்கன்னு பாருங்க, அங்க நிக்கிறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினாலே பாதி ஊரோட கதை வந்துடும். அடுத்தது ஜட்ஜிங், ஜட்ஜ் வாயத் தொறந்து காரணம் சொல்ற போட்டிங்களை மட்டும் பாருங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா "அம்மா சின்ன வயசுல இங்க"ன்னு சொல்லிட்டே இழுத்துட்டுப் போகாதீங்க, அவங்களை முன்னாடி விட்டு பின்னாடி நடங்க, அவங்க எங்க நிக்கிறாங்களோ அதையும் குறிச்சுக்கங்க. என் பொண்ணு ராட்டினம் எதையும் கேக்கலை, மாட்டைக் குளிப்பாட்டுற கல்தளத்துல முக்கால் மணி நேரம் நின்னா.

கண்டிப்பா கடைசி நாள் சாயங்காலம் இருங்க. மிருகங்களை இத்தனை மணிக்கு வீட்டுக்குக் கொண்டு போகலாம்னு ஒரு நேரம் சொல்லியிருப்பாங்க, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியிலருந்தே டிரெய்லர் எல்லாம் ரோட்டோரமா வரிசை கட்டி நிக்கும், மணி அடிச்சதும் ஒவ்வொண்ணா உள்ள வரும். ரெண்டு மணி நேரத்துல கொட்டகை காலியாயிடும், மரச்சீவல் குவியலும் பேர் எழுதின அட்டையும்தான் மிச்சம். சின்ன வயசுல இதை நான் பாத்ததே இல்லை, அதுக்குள்ள அப்பா காரை எடுத்திருப்பார். அன்னிக்கு முயல்கொட்டகையில நின்னு அந்தப் பெரிய ஃபேனை யாரோ நிறுத்தினப்போதான் எனக்கு அந்த இடத்தோட அமைதி எப்படி இருக்கும்னே தெரிஞ்சுது.

குறிப்பை அன்னிக்கு ராத்திரியே எழுதிடுங்க, பார்க்கிங் புல்தரையிலயே கார் லைட்டைப் போட்டுட்டு. எழுதி முடிச்சதை மேப், ரிப்பன் படம், ரெக்கார்டிங்கோட சேர்த்து ஒரு பிரதி வீட்டுல, ஒண்ணு கூடப் பொறந்தவங்ககிட்ட, ஒண்ணு அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துல குடுங்க. நான் குடுத்தப்போ அங்க இருந்தவங்க ஊறுகாய் பக்கத்தைப் படிச்சுட்டு, அந்த ஜார்ல கட்டின சீட்டு இன்னும் இருக்கான்னு கேட்டாங்க. அம்மா அதை சிவப்பு ரிப்பனோட சேர்த்து சமையல் நோட்டுக்குள்ள வச்சிருக்காங்க, அடுத்த மாசம் ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்.